நாலாவது மாடி எங்கே? உச்சரிப்பை எண்ணிப் பார்த்த ஒரு மாணவரின் கதை



மொழி இடுபணிக்குத் தலைப்புத் தேடும்போது பெரும்பாலும் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறோம். மரபுத்தொடர், பழமொழி, பிறமொழிச் சொற்கள், விளம்பரப் பலகைப் பிழைகள். "உச்சரிப்பு வேறுபாட்டைப் பத்தி ஆய்வு பண்ணலாமே" என்றால், "அதுல என்ன இருக்கு? சரியா சொன்னா சரி, இல்லன்னா தப்பு, அவ்வளவுதானே?" என்று பதில் வருகிறது. இப்படிக் கேட்கிற மாணவரைக் குறை சொல்ல முடியாது. 1960 வாக்கில் பெரிய பெரிய மொழியியல் அறிஞர்களே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே ஊரில் ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னால், அது தற்செயல், கணக்கில் வராது, இலக்கணத்துக்கு அதனால் பயன் இல்லை என்று ஒதுக்கி வைத்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் அப்போது ஒரு மாணவர். வயதில் சின்னவர் இல்லை, மாணவர் அவ்வளவுதான். வில்லியம் லபோவ் என்பது அவர் பெயர். 1927-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து முடித்துவிட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் அச்சு மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக வேலை பார்த்தார். 1961-இல் அதை விட்டுவிட்டு நியூ யார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டிய யூரியல் வைன்ரைக் அவரைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! மை காய்ச்சிய அனுபவம் வீண் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு கருத்து சரியா தப்பா என்று உட்கார்ந்து வாதாடாமல், செய்து பார்த்து அளந்து சொல்வது அவருக்குப் பழகிப் போயிருந்தது.

முதுகலை ஆய்வுக்கு அவர் போன இடம் மார்த்தாஸ் வின்யார்ட். மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவு. அன்றைக்கு அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். கோடை வந்தால் 40,000-க்கும் மேற்பட்ட விருந்தாளிகள் வந்து குவிவார்கள். பரம்பரை பரம்பரையாக மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்களுக்குத் தொழில் நலிந்துகொண்டிருந்தது. கடலோர வீடுகள் வெளியூர்ப் பணக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

லபோவ் கவனித்தது ரொம்பச் சின்ன விஷயம். ஆங்கிலத்தில் 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. பொதுவான அமெரிக்க உச்சரிப்பில் வாயை நன்றாகத் திறந்து, நம் ஆகாரத்துக்குப் பக்கத்தில் தொடங்குவார்கள். தீவுக்காரர்களில் சிலர் அப்படித் திறப்பதில்லை. நாக்கு வாயின் நடுவிலேயே இருக்க, பாதி திறந்த நிலையில் தொடங்கினார்கள். கேட்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பேசுகிறவர்களுக்கும் தெரியாது. அதுதான் ஆய்வுக்கு வசதி. தெரிந்தால் திருத்திக்கொள்வார்களே!

1961 ஆகஸ்டு முதல் 1962 ஜனவரி வரை மூன்று முறை தீவுக்குப் போய் 69 பேரிடம் பேசி ஒலிப்பதிவு செய்தார். 'உங்க உச்சரிப்பைச் சோதிக்க வந்திருக்கேன்' என்று சொல்லவில்லை. அந்த ஒலி வரும் சொற்கள் பேச்சில் தானாக விழும்படி கேள்விகளை அமைத்துக்கொண்டார். வாழ்க்கையைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் கேட்டால், ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் வராமல் பதில் சொல்ல முடியாது. மாணவர்களே, வினாநிரல் தயாரிக்கும்போது இந்த உத்தியை நினைவில் வையுங்க.

ஒவ்வொருவரும் எத்தனை முறை எந்த வகையில் சொன்னார் என்று எண்ணி மதிப்பெண் போட்டுப் பார்த்தார். வழக்கமாக நாம் எதிர்பார்ப்பது என்ன? முதியவர்களிடம் பழைய உச்சரிப்பு அதிகம் இருக்கும், இளையவர்களிடம் படிப்படியாகக் குறையும். அப்படி வரவில்லை. 75 வயதைத் தாண்டியவர்களிடம் குறைவாக இருந்தது. வயது இறங்க இறங்க ஏறி, 31 முதல் 45 வரை உள்ளவர்களிடம் உச்சத்துக்குப் போனது. அதற்கும் கீழே மறுபடி இறங்கியது. தீவின் மேற்குப் பக்கத்தில் சில்மார்க் என்ற ஊரின் மீனவர்களிடம்தான் எல்லாரையும்விட அதிகம். இதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வட்டார வழக்கு வரைபடத்துக்காக அதே தீவில் எடுத்த குறிப்புகளும் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டதில், மறைந்துகொண்டிருந்த ஒலி ஒன்று மறுபடி தலைதூக்கியிருப்பது தெரிந்தது.

ஏன்? இந்த இடத்தில்தான் ஆய்வு வெறும் எண்ணிக்கையைத் தாண்டிப் போகிறது. தீவைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் பேச்சை வைத்தே பிரித்துப் பார்த்தார். 'இதுதான் என் ஊர், இங்கேயே இருப்பேன்' என்றவர்களிடம் அந்த ஒலி நிறைய வந்தது. 'எப்படா கிளம்புவோம்' என்று இருந்தவர்களிடம் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. 31 முதல் 45 வயதுக்காரர்கள் யார் என்றால், வெளியே போகும் வாய்ப்பு இருந்தும் தீவிலேயே தங்குவது என்று முடிவெடுத்தவர்கள். கல்லூரிக்குப் போய்த் திரும்பிய மகன் முன்பெல்லாம் இப்படிப் பேசியதில்லை, வந்த பிறகுதான் துறைமுகத்து மீனவர் மாதிரிப் பேசுகிறான் என்று ஒரு தாயே அவரிடம் சொல்லியிருக்கிறார். படித்தவன் 'நாகரிகமாக'ப் பேசவில்லை, மீனவன் மாதிரிப் பேசுகிறான்! மண்ணின் மேல் உள்ள பிடிப்பு நாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆய்வு 1963-இல் கட்டுரையாக வந்தது.

அடுத்தது முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு முன்னோட்டமாக அவர் செய்ததுதான் இன்றைக்கும் மொழியியல் வகுப்புகளில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை. 1962 நவம்பர். நியூ யார்க்கில் மூன்று பல்பொருள் அங்காடிகள். சாக்ஸ் வசதியானவர்கள் போகிற இடம், மேசீஸ் நடுத்தரம், எஸ். கிளைன் மலிவு விலைக் கடை. லபோவ் ஒவ்வொரு கடைக்குள்ளும் போய், நான்காவது மாடியில் எந்தப் பொருள் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வார். பிறகு கடை ஊழியரிடம் அந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று, ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர் மாதிரிக் கேட்பார். பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்றுதானே வரும்? சரியாகக் காதில் விழாதது போல முன்னால் சாய்ந்து மறுபடி கேட்பார். ஊழியர் இந்த முறை அழுத்தித் திருத்தமாகச் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு, கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்து குறித்துக்கொள்வார். நான்காவது மாடிக்கே போய்விட்டால், 'இது எத்தனையாவது மாடி?' என்று அங்கே உள்ளவர்களிடம் கேள்வி!

அந்த இரண்டு சொற்களிலும் ரகர ஒலி இருக்கிறது. நியூ யார்க்கர்கள் பலர் அந்த ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் விழுங்குவதுதான் கௌரவமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழாகி, ரகரத்தை ஒலிப்பது உயர்வாகிவிட்டது. ஒலிக்கு என்று சொந்தமாக ஒரு மதிப்பும் கிடையாது, காலம்தான் அதைக் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அதே நகரம், அதே ஒலி.

மொத்தம் 264 பேர். கேட்டு முடிக்க ஆன நேரம் ஆறரை மணி. சாக்ஸ் ஊழியர்களில் 62 விழுக்காட்டினர் ரகரத்தை முழுதாகவோ ஓரளவோ ஒலித்தார்கள். மேசீஸில் 51, கிளைனில் 20. விற்கிறவர்கள் எல்லாரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் வாங்க வருகிறவர் யாரோ, அவர் சாயல் விற்கிறவர் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்தது இரண்டாவது பதில். அழுத்திச் சொல்லும்போது மேசீஸ் ஊழியர்களிடம் ரகரம் குறிப்பிடும்படி கூடியது. எது 'நல்ல' உச்சரிப்பு என்று அவர்களுக்குத் தெரியும், வரவும் வரும். சாதாரணமாகப் பேசும்போது அதைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவே.

பிறகு நகரின் கீழைக் கிழக்குப் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பெரிய ஆய்வைச் செய்து 1964-இல் பட்டம் பெற்றார். 1966-இல் அது நூலாக வந்தது. அங்கே ஒரே ஆளைப் பல விதமாகப் பேச வைத்தார். சாவின் விளிம்புக்குப் போய் வந்த அனுபவம் உண்டா என்று கேட்டால், மனிதர்கள் ஒலிப்பதிவுக் கருவியையே மறந்துவிட்டுப் பேசுவார்கள். அதே ஆளிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். பிறகு சொற்பட்டியல். கவனம் கூடக் கூட ரகரமும் கூடியது. சொற்பட்டியலில் கீழ் நடுத்தர வர்க்கத்தினர் தங்களுக்கு மேலே இருப்பவர்களையே மிஞ்சிவிட்டார்கள். தன் பேச்சு மட்டம் என்ற பயம் யாருக்கு அதிகமோ, அவரே அதிகமாகத் திருத்திக்கொள்கிறார்.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். லபோவ் எண்ணிய அந்த அமெரிக்க ரகரத்தை ஒருமுறை வாயில் சொல்லிப் பாருங்க. நாக்கு நுனி மேலே வளைந்து, அண்ணத்தைத் தொடாமல் நிற்கும். நம் ழகரத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. தொல்காப்பியப் பிறப்பியலும் ரகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாகவே சேர்த்து, நுனிநாக்கு உயர்ந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று சொல்கிறது. லகர ளகரங்களுக்குத் தனி விதி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இலக்கணம் இந்த நுணுக்கத்தைப் பிடித்திருக்கிறது.

நியூ யார்க்கில் ரகரத்துக்கு நடந்தது தமிழில் ழகரத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. தென்மாவட்டங்களில் அது ளகரமாகிறது, 'வாளப்பளம்'. சென்னைப் பக்கத்துப் பேச்சில் சிலரிடம் யகரமாகிறது. 'பொழுது' சுருங்கிப் 'போது' ஆனபோது யாரும் தமிழ் அழிந்ததாகச் சொல்லவில்லை, இன்று எழுத்துத் தமிழிலேயே எழுதுகிறோம். லபோவ் தீவிலும் கடைகளிலும் அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இன்னொரு ஆராய்ச்சி மாணவர் அமெரிக்காவில் தமிழ் இலக்கணத்தை ஆய்வு செய்துகொண்டிருந்தார். பின்னாளில் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து புகழ்பெற்ற ஏ. கே. ராமானுஜன்தான் அவர். 1963-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவரும் வில்லியம் பிரைட்டும் சேர்ந்து எழுதி 1964-இல் வெளியான கட்டுரை, தமிழ்நாட்டுப் பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டது. ஒரு தரப்பு ழகரத்தைக் காப்பாற்றிக்கொண்டு, வடசொல்லையும் ஆங்கில ஒலியையும் தாராளமாக உள்ளே விட்டது. மறு தரப்பில் ழகரம் ளகரமானது, சொற்களோ பெரும்பாலும் தமிழாகவே நின்றன. யார் பேச்சு 'தூய்மை' என்று இப்போது சொல்லுங்க பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வந்த தமிழும் ஒன்றல்ல. தோட்டத்துக்கு வந்தவர்கள் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை செய்ய யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். 'பெற்றோர்', 'காற்று' என்ற சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் சொல்லக் கேளுங்க, மற்றவர்கள் 'காத்து' என்பதையும் கேளுங்க. ஒரே தாமானில் இரண்டும் கிடைக்கும். சிங்கப்பூரில் 2005-இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு அறிக்கை, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்றது. எந்தப் பேச்சுத் தமிழ் என்ற கேள்வி அதோடு சேர்ந்தே வந்தது. அது அங்கே மட்டும் உள்ள கேள்வி இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒன்று. லபோவ் பட்டத்தோடு நிற்கவில்லை. 1960-களின் பின்பாதியில் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்தார். 'அந்தப் பிள்ளைகளுக்கு மொழியே இல்லை, வீட்டில் பேசிப் பழக்கமில்லை, அதனால்தான் படிப்பு ஏறவில்லை' என்று அப்போது கல்வியாளர்கள் பலர் நம்பினார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியது நேர்காணல் பதிவுகளை. ஒரு பெரியவர், எதிரே ஒரு பையன், ஒற்றைச் சொல்லில் பதில், இடையில் நீண்ட மௌனம். லபோவ் 1969-இல் எழுதிய கட்டுரையில் லியோன் என்ற எட்டு வயதுப் பையனைப் பற்றிச் சொல்கிறார். அவனிடம் பேசப் போனவரும் ஹார்லெமிலேயே வளர்ந்த கறுப்பினத்தவர்தான், அன்பானவர்தான். இருந்தும் முதல் முறை அவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு போனார். பையனின் நெருங்கிய கூட்டாளியையும் கூட அழைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூடாத சில வார்த்தைகளையும் அவரே முதலில் பேச்சில் இழுத்துவிட்டார். அவ்வளவுதான், பையன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். பிள்ளை மாறவில்லை, மொழி மாறவில்லை, உட்கார்ந்த விதம் மாறியது.

பேச்சுத் தேர்வு நடத்தும் நாம் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பக்கம் அது. தேர்வறையில் வறுவல் பொட்டலத்துக்கு விதிமுறையில் இடமில்லைதான்! ஆனால் 'இந்தப் பிள்ளைக்குத் தமிழே வராது' என்று குறிப்பு எழுதுவதற்கு முன்னால், அவன் திடலில் கூட்டாளியோடு என்ன பேசுகிறான் என்று ஐந்து நிமிடம் கேட்கலாம்.

இது நீதிமன்றம் வரைக்கும் போனது. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப்பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் சார்பில் 1977-இல் வழக்குத் தொடரப்பட்டது. குறைந்த வருமானக் குடியிருப்புப் பிள்ளைகள் அவர்கள். வாசிப்பில் பின்தங்கியதற்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தி, சிறப்பு வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. லபோவ் சாட்சி சொன்னார். பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு உடைந்த ஆங்கிலம் இல்லை, தனக்கென்று விதிகள் உள்ள வழக்கு என்று விளக்கினார். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அந்த வீட்டு மொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கத் தவறியதுதான் தடை, அதைச் சரிசெய்யப் பள்ளி வாரியம் வழி காண வேண்டும் என்றார். பொது ஆங்கிலம் கற்றுத்தர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லபோவும் சொன்னதில்லை. 'பளம்' என்று எழுதினால் நான் இன்றும் சிவப்பு மையால்தான் திருத்துவேன். பேசும்போது 'பளம்' என்பவனைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன், இரண்டும் வேறு வேறு.

சரி, இடுபணிக்கு வருவோம். லபோவின் கடை உத்தியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரலாம். மளிகைக் கடையில் வாழைப்பழத்தைக் காட்டி 'இது என்ன பழம்?' என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொருளின் பெயரைச் சொல்லியே கேட்டாலோ, நம் ழகரத்தைக் கேட்டு அவரும் அப்படியே சொல்லிவிடுவார். அதனால் நீங்கள் சொல்லாமல் அவர் வாயிலிருந்து வர வேண்டும். 'கடை எத்தனை நாள் திறந்திருக்கும்?' என்று கேளுங்க, வாரம் முழுக்கத் திறக்கும் கடையில் 'ஏழு நாளும்' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். கேட்காதது போல மறுபடி கேளுங்க. இரண்டு பதிலையும் தனித்தனியாகக் குறியுங்க, முதலாவது பேச்சு, இரண்டாவது கவனத்தோடு வருவது. ழ, ள, ய என மூன்று கட்டம் போட்டால் போதும். ஆளின் தோராயமான வயது, ஆணா பெண்ணா, கடை எந்த வட்டாரம், அவ்வளவு குறிப்பு போதும். பெயர் வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதென்றால் கட்டாயம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு 'மலேசியத் தமிழர்கள்' என்று முடிவு எழுதாதீங்க. 'இந்தச் சாலையில் உள்ள இத்தனை கடைகளில்' என்று எழுதுங்க.

முன்பே ஒருவர் செய்துவிட்டாரே என்று தயங்கவும் வேண்டாம். கிளைன் கடை 1970-களில் மூடப்பட்டது. 1986-இல் ஜாய் ஃபவுலர் அதற்குப் பதிலாக மேய்ஸ் என்ற கடையைச் சேர்த்துக்கொண்டு, அதே கேள்வியோடு மூன்று கடைகளிலும் ஏறி இறங்கினார். வரிசை மாறவில்லை, ரகரம் மட்டும் கூடியிருந்தது. 2009-இல் இன்னொருவர் மறுபடியும் போனார். மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு 2000-க்குப் பிறகு இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் போயின. லபோவ் கண்ட சமூகப் பொருள் அந்த ஒலிக்கு இப்போது இல்லை என்றது ஒன்று. அவர் கண்ட அமைப்பு இன்னும் இருக்கிறது என்றது மற்றொன்று. போன ஊர் வேறு, பேசிய ஆட்கள் வேறு, எண்ணிய முறையும் வேறு. லபோவ் 2024 டிசம்பரில் தம் 97-ஆம் வயதில் காலமானார். தீவில் எந்தக் குழு சொன்னது சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.